காவல் கோபுரத்தில் இருக்கும் மகள்

அன்பு மகள் ஹெலெத்துக்கு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, உலகத்தின் மறுகோடியில் அந்த வெலிங்டனில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவும் சுகம் என்று இத்தனை மாதமாக எழுதி வந்தேன், அது பொய்.

ஈஸ்டருக்கு முந்தைய பூ ஞாயிறன்று, வழக்கம்போல அப்பாவைப் பெற்றவளின் கல்லறையைக் கழுவிப் பூ வைக்கப் புறப்பட்டோம், வாளி, பிரஷ், கை நிறைய மஞ்சள் டாஃபடில் பூ. வழியில் வயலுக்குள் இருக்கிற அந்தப் பழைய கல்லறைக் குகையைக் கண்டதும் காரை நிறுத்தச் சொன்னார். நீ சின்னவளாக இருந்தபோது அதற்குள் குனிந்து நுழைகையில் "வீட்ல ஆள் இருக்கா?" என்று கத்துவாரே, அதையே கேட்டார், ஆனால் இந்த முறை பதிலுக்காகக் காத்து நின்றார். பிறகு ஐயாயிரம் வருஷத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவி, பூ முழுவதையும் அங்கேயே வைத்துவிட்டு, "அம்மாவப் பாத்தாச்சு, வா போலாம்" என்றார். எனக்கு மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

திரும்பும்போது கோட்டைக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம். "நம்ம நாட்டப் பிடிச்சு நம்மளயே வெளியே நிறுத்த இங்கிலீஷ் ராஜா கட்டினது, நாம உள்ள உக்காந்து டீ குடிக்கணும்" என்று பழைய கேலியைத் தப்பில்லாமல் சொன்னார், எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இடிந்த சுவரில் உட்கார்ந்து பிளாஸ்க் டீயும் பழ ரொட்டியும் சாப்பிட்டோம். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டுகிற க்வென்லியன் வந்து கூப்பிட்டாள், இவர் அசையவில்லை. "என் பொண்ணு மேல ஒளிஞ்சிருக்கா, அவள விட்டுட்டு எப்படிப் போறது?" என்றார். ஒன்பது வயதில் நீ அந்தக் கோட்டையின் காவல் கோபுரத்தில் ஒளிந்துகொண்டு எங்களை அலைய விட்டாயே, அந்த நாளில்தான் இருக்கிறார். பாவம் அந்தப் பெண், படியேறிப் பார்த்துவிட்டு வந்து "மேல யாரும் இல்ல மிஸ்டர் பிரிச்சர்ட்" என்றாள். "உன் கண்ணுல படமாட்டா, நான் கூப்பிட்டாத்தான் வருவா" என்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நீ முன்னாலேயே காருக்குப் போய்விட்டாய் என்று பொய் சொல்லித்தான் அழைத்து வந்தேன். ஓட்டமும் நடையுமாக வந்து பின் இருக்கையைப் பார்த்தார். வீடு வரும் வரை அந்தக் காலி இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

உன் வேலையைக் கெடுக்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் மறைத்தேன். இப்போது சொல்கிறேன், வா. ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடாதே, அதுவரை உன் பெயராவது அவர் வாயில் இருக்குமா என்று தெரியாது. கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை. கடவுள் உன்னை வழியெல்லாம் காக்கட்டும். ஒன்று மறக்காதே, நேரே வீட்டுக்கு வராதே. கோட்டைக்குப் போய் அந்தக் கோபுரத்தில் ஏறி நில். நான் அப்பாவைக் கூட்டிவந்து கீழே நிறுத்துகிறேன். அவர் கூப்பிட்டதும் இறங்கி வா.

உன் அம்மா,
மெரெரித்