உன் அறையை ஸ்டோர் என்று சொல்லச் சொன்னார்கள்

என் வாயாடி அக்காவுக்கு,

வீட்டை விற்றுவிட்டோம். சுற்றி வளைத்தால் "வெசயத்துக்கு வாடி" என்று அதட்டுவாய், அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட மிஸி வேலைச் சம்பளத்தில் காஜா பேராங்கில் நீ வாங்கிய வீடு இனி நம்முடையது இல்லை. ஆனால் அது எப்படி விற்றது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறியதைப் பார்த்தாய். நான் பட்டம் வாங்கியதையும் பார்த்தாய். சிரம்பானில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்ததை மட்டும் பார்க்கவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போக முடியுமா? பத்து பெரெண்டாமில் இருக்கும் மாமா தன் வீட்டுக்கு வரச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் மாமி பக்கத்து வீட்டுக்காரியிடம், "அண்ணி வந்துட்டா எனக்கு அடுப்படிக் கவல விட்டுச்சு" என்று சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும். சிரம்பான்ல இருந்தாலும் சரி, சந்திரன்ல இருந்தாலும் சரி."

சிரம்பானில் ஒரு சின்ன வீடு பார்த்தேன். மாதக் கடைசி வரை பொறுப்பதாக அதன் சொந்தக்காரர் சொன்னார். நம் வீட்டுக்குத் தரகர் பிச்சை கொண்டுவந்த முதல் விலைக்கு அங்கே வாசற்படிகூடக் கிடைக்காது. நல்ல விலை வந்தால் அம்மாவுக்குச் சொந்த அடுப்பு. வராவிட்டால் மாமியின் அடுப்பு.

"பாக்குறவன் கண்ணுக்கு வீடு சிரிக்கணும் தங்கச்சி," என்றார் பிச்சை. சிரிக்க வைத்தோம். பலகைச் சுவரைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். தகரக் கூரையை உரசிக்கொண்டிருந்த ரம்புத்தான் கிளையை வெட்டினோம். ஆட்கள் வரும் நாளில் பாண்டான் இலையைக் கொதிக்க வைத்து வீட்டை மணக்க வைத்தோம்.

கொடியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை தொங்க வேண்டும் என்றும் சொன்னார். "பொம்பளைங்க மட்டும் இருக்கிற வீடுன்னு தெரிஞ்சா வெலயக் கொறச்சுக் கேப்பான்லா." எதிர்வீட்டில் ஒரு சட்டை இரவல் வாங்கினோம். அம்மா அதை நாள் தவறாமல் நனைத்துக் காயப் போட்டார். "ஒரு வேலயும் செய்யாம தெனமும் துணி மட்டும் போடுறான் பாரு, இந்த ஆம்பள" என்று முணுமுணுத்துக்கொண்டே.

கடைசியாக உன் அறை. நீ போனது அடைப்பு நட்சத்திரம் என்று சாஸ்திரிகள் சொன்னதால் உயிர் பிரிந்த அறையை அப்போது பூட்டினோம். கெடு முடிந்த பிறகும் அம்மா திறக்கவில்லை. பிச்சை பூட்டைப் பார்த்தார். "யார் கேட்டாலும் ஸ்டோர்னு சொல்லிடுங்க," என்றார். அம்மா சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

வந்தவர்களைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். "பொண்ணு பாக்க வந்தப்பயும் ஒளிஞ்ச, வீடு பாக்க வந்தாலும் ஒளியுற" என்று அம்மா இடிப்பார். ஆனால் பார்க்க எத்தனை இருந்தது, அக்கா! கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே ஒருவர் உள்ளேயே வரவில்லை. வாசலில் நின்று, எதிரே தெரு எங்கே முடிகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார். தெரு வந்து வாசலில் முட்டினால் அவர்களுக்கு ஆகாதாம். ஒருவர் தூண்களை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். நாம் இத்தனை வருஷம் குடியிருந்தும் தூண் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு நானும் தட்டிப் பார்த்தேன்.

உண்மையாக ஆசைப்பட்டவர்கள் இருவர்தான். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற முத்தையா ஒருவர். மலாய்ப் பள்ளி ஆசிரியர் ஹசான் மற்றவர். இருவருமே குறைத்துத்தான் கேட்டார்கள். எனக்குப் பேரம் பேச வராது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். பசாரில் நீ இரண்டு மீன்கடைக்கு நடுவில் நின்று விலை கேட்பாயே, அதுபோல இருவரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்தால் விலை தானே ஏறும் என்று நினைத்தேன்.

இருவரும் மனைவிமாரோடு வந்தார்கள். முதலில் முறைத்துக்கொண்டார்கள். பிறகு கிராணி மலாயில் ஏதோ கேட்க, இருவருமே ஜாசின் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தது. அவ்வளவுதான். வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஆறு, வெள்ளம், மீன் என்று பேசிக்கொண்டே அம்மா சுட்ட வடை அத்தனையையும் தீர்த்தார்கள். எழும்போது கிராணி சொன்னார்: "இவரு புள்ளகுட்டிக்காரரு. இவருக்கே குடுத்துருங்கம்மா." ஹசான் பதறிப்போய், "இல்லை இல்லை, பெரியவர் அவர், அவருக்குத்தான்," என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துவிட்டு ஒன்றாகவே நடந்து போனார்கள்.

"நல்லா வித்தடி போ," என்றார் அம்மா. "வடையும் போச்சு, வெலயும் போச்சு."

காலி வடைத் தட்டைக் கழுவிக்கொண்டே நினைத்தேன். பட்டப்படிப்பில் இதையெல்லாம் ஏன் சொல்லித் தருவதில்லை?

மறுநாள் காலை பின்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கிராணியின் மனைவி ராஜம்மா. "அவரு பெரிய மனுசனாயிட்டு வந்துட்டாரு. தோட்டத்துல கொடம் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இங்க கொழா அடுப்படியிலயே இருக்கு. நான் வுடமாட்டேங்க்கா," என்றார். அவர் உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அதே பின்வாசலில் ஹசானின் மனைவி கல்சோம். ராஜம்மாவைப் பார்த்ததும் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "என் வீட்டுக்காரர் இப்படியே ரெண்டு வீட்டை விட்டுக்குடுத்துட்டார்," என்றார் மலாயில். "இது மூணாவது."

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அடுப்படித் தரையில் மூன்று பெண்கள், நடுவில் வெற்றிலைத் தட்டு, வழக்கம்போல கதவுக்குப் பின்னால் நான். அம்மா பசார் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினார். ஒருவர் ஏற்ற, மற்றவர் ஏற்ற, கேலியும் சிரிப்புமாக விலை சிரம்பான் வீட்டைத் தாண்டியது. ராஜம்மாவின் விலைதான் மேலே நின்றது. கல்சோம் கையை விரித்தார்: "என்னால் இதற்கு மேல் முடியாது."

முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது ராஜம்மா சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பூட்டுன ரூமு என்னக்கா?"

அம்மா எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து உன் அறையைத் திறந்தார். "என் பெரிய பொண்ணு இங்கதான் கண்ண மூடுனா. கல்யாணம் ஆகல. அடைப்பு நட்சத்திரம். அடைக்க வேண்டியது அடைச்சாச்சு, செய்ய வேண்டியது செஞ்சாச்சு."

மாமியின் அடுப்படி என் கண் முன்னால் வந்து நின்றது. ராஜம்மா நிலைப்படியிலேயே நின்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நம் ஆட்களுக்கு அந்தப் பயம் உண்டு. அம்மாவின் கையைப் பிடித்து, "மறைக்காம சொன்னீங்க. ஆனா எனக்கு மனசு ஒப்பலக்கா," என்றார். கண் கலங்கப் பின்வாசல் வழியே போய்விட்டார்.

கல்சோம் உள்ளே போனார். போட்டிக்கு ஆள் இல்லை, இனி அவர் எதைக் கேட்டாலும் அதுதான் விலை. தொழுகைக்கு மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். ஜன்னலைத் திறந்தார். உனக்காகத்தான் என்று நினைக்கிறேன், கைகளை ஏந்தி ஏதோ ஓதினார். பிறகு, "நான் கடைசியாகச் சொன்ன விலை அப்படியே," என்றார்.

அப்போதுதான், அக்கா, நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்: "உங்களுக்குப் பயமில்லையா?"

"யாருமே சாகாத வீடுன்னா மொதல் ஆளா நான்தானே போகணும்?" என்று சிரித்தார். "எனக்கு அவசரமில்லை."

ராஜம்மா சொன்ன விலையைவிடக் குறைவுதான். சிரம்பான் வீட்டுக்குப் போதும், அங்கே கிணற்றடிக்குக் கூரை போடப் போதாது. ஏன் திறந்தீர்கள் என்று அம்மாவைக் கேட்டேன். "தெரியலடி. ஸ்டோர்னு சொல்ல வாய் வரல," என்றார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? திறந்திருப்பாயா, அல்லது அம்மாவின் அடுப்புக்காக வாயை மூடிக்கொண்டிருப்பாயா? வாயாடி நீ. எனக்கு ஊகிக்க முடியவில்லை.

இதைச் சிரம்பானிலிருந்து எழுதுகிறேன். அம்மா யாரையும் கேட்காமல் கருவாடு பொரிக்கிறார், தெருவே மணக்கிறது. பள்ளியில் எல்லோரும் புதியவர்கள். கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்பார்கள். எனக்குப் பேச்சு வராதுதான். ஆனாலும் உன் பெயரைச் சொல்வேன். என்ன வேலை பார்த்தாய், எந்த அறையில் எங்களை விட்டுப் போனாய் என்பதையும் சொல்வேன். கேட்பவர் முகம் எப்படி மாறினாலும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் முதுகுக்குப் பின்னால் நின்றே வளர்ந்த தங்கை,
பாரு