குணா அண்ணனுக்கு: உன் மீட்டர்களைக் கழற்ற மாட்டேன்

என் அருமை அண்ணே,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் இலையிலிருந்து எழுந்திருக்கவில்லை, அதற்குள் மாமா பேச்சைத் தொடங்கிவிட்டார். "கடைய வாடகைக்கு விட்றலாம் தேவி. டயர் கடை போட ஒருத்தரு எடம் தேடுறாரு. பொம்பளப் புள்ள நீ, வொர்க்‌ஷாப்ப வெச்சிக்கிட்டு என்னா செய்யப் போற?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னேன்: "நாளைக்குக் காலையில கடைய தொறக்குறேன் மாமா. டயர்காரருக்கு வேற எடம் பாருங்க." பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

கோபத்தில் பேசுகிறாள் என்றார்கள். கோபம்தான். உன் மேலும் கோபம்தான். ஊர் வண்டிக்கெல்லாம் சூடு பார்க்கவும் பிரஷர் பார்க்கவும் மீட்டர் வைத்தவனே, டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையை ஏன் அண்ணே பிரிக்காமலே ஸ்பானர் பெட்டிக்குள் போட்டு வைத்தாய்? கடை திறந்த அன்று பெட்டியின் அடியில் அதைப் பார்த்தேன். அன்று அழுததுதான். அதற்குப் பிறகு கடையில் நான் அழவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ நம் தீவில், டத்தோ கிராமாட்டில் ஒரு சந்துக்குள் டீசல் பிக்கப் பார்த்தவன். டுரியான், மீன், மணல் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்கும் பழைய வண்டிகள் உன்னிடம்தான் வரும். ஃபெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் போய், ஜப்பானிலிருந்து வந்து குவிந்துகிடக்கும் பழைய இஞ்சின்களில் நல்ல டர்போவாகத் தேடிக் கழற்றிக் கொண்டுவருவாய். அதை மாட்டி டீசல் பம்பைச் சரிசெய்து கொடுத்தால், முதல் கியரில் ஊர்ந்த வண்டி மூன்றாம் கியரில் ஏறும்.

இதை மற்ற கடைக்காரர்களும் செய்தார்கள். ஆனால் இரண்டு மீட்டர் மாட்டாமல் நீ ஒரு வண்டியையும் வெளியே விட்டதில்லை. டர்போ காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்ட ஒன்று. இஞ்சினிலிருந்து வரும் புகை எவ்வளவு சூடு என்று காட்ட ஒன்று. "மீட்டரெல்லாம் எதுக்கு, பவர் மட்டும் போதும் லா" என்று யாராவது சொன்னால், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். "பவர் குடுக்கறது பெருசில்லண்ணே. எவ்ளோ குடுத்தோம்னு ஓட்டுறவன் கண்ணுக்குத் தெரியணும். தெரியாமக் குடுத்தா இஞ்சின் வெந்து போயிரும்" என்பாய்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சால்டரிங் வேலையில் இருந்தேன். நீ மாட்டிய முதல் சூட்டு மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். அதற்கென்று உள்ள ஒயர் எட்டவில்லை என்று நடுவில் சாதாரண ஒயரைச் சேர்த்திருந்தாய். மாற்றிக் கொடுத்தேன். ஊசி ஒழுங்காக நின்றது. நீ சிரித்துவிட்டு, "நீ என்னாத்துக்கு அங்க போயி எவனோ வீட்டு டிவிக்கு ஒயர் ஒட்டிக்கிட்டு இருக்க? இங்க வா லா" என்றாய். அப்படி வந்தவள்தான். டேஷ்போர்டுக்குக் கீழே நான் மல்லாந்து படுத்திருப்பதைப் பார்த்து முகம் சுளித்த ஆண்கள் எல்லாரையும் நீ ஒரே வார்த்தையில் அடக்கினாய்: "மீட்டருக்கு அவதான்."

நீ போன பிறகு அந்த ஒரு வார்த்தை எனக்கு இல்லாமல் போயிற்று.

பாலிக் பூலாவ் வேலு அண்ணனை ஞாபகம் இருக்கிறதா? மலைத் தோட்டங்களிலிருந்து டுரியான் இறக்கிக் கொண்டுவருபவர். உன்னோடு கோப்பி ஓ குடிக்க என்றே சில நாள் வண்டியைக் கொண்டுவருவார். டுரியான் சீசன் நடுவில் அவர் இஞ்சின் மலையில் நின்றுபோனது. கயிறு கட்டி இழுத்து வந்து நம் கடை வாசலில் விட்டார். சந்தே கூடிவிட்டது.

"செத்துப் போனவன பேசக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். ஒங்க அண்ணன் டர்போ போட்டு என் இஞ்சின கெடுத்துட்டான்!"

அந்த வாரமே, நீ டர்போ மாட்டிக் கொடுத்தவர்களில் மூன்று பேர் வந்தார்கள். "டர்போவயும் மீட்டரயும் கழட்டிக் குடுத்துரும்மா, எங்களுக்குப் பயமா இருக்கு" என்றார்கள். மாமாவும் வந்தார். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். உன்னை எரித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை அண்ணே. நீ மாட்டியதை எல்லாம் நானே என் கையால் கழற்ற வேண்டுமாம்.

"ஒண்ணயும் கழட்ட மாட்டேன்" என்றேன். "வேலு அண்ணன் வண்டிய பார்த்துட்டுச் சொல்றேன். அதுக்கப்புறமும் வேணும்னா வேற எடத்துல போயி கழட்டிக்குங்க."

உன்னோடு வேலை செய்த மலாய்க்கார அண்ணன் சுலைமான் அபாங்கும் நானும் இஞ்சினைப் பிரித்தோம். ஒரு பிஸ்டனின் தலை மெழுகுபோல உருகியிருந்தது. யாராவது திருகினால் தெரியட்டும் என்று பம்பின் ஸ்குரூவில் நீ எப்போதும் வைக்கும் பெயிண்டுப் புள்ளி பெயர்ந்திருந்தது. யாரோ திருகி, டீசலைக் கூட்டியிருக்கிறார்கள்; அதில் சூடும் ஏறியிருக்கிறது. பிறகு உள்ளே ஏறி டேஷ்போர்டைப் பார்த்தேன். சூட்டு மீட்டரின் சிவப்புக் கோடு இருக்கும் இடத்தில் ஒரு முருகன் ஸ்டிக்கர்.

"இது யாரு ஒட்டினது அண்ணே?"

வேலு அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். "ஊசி அங்கேயே போயி நிக்குது. பார்த்தா மனசுக்கு சுசாவா, கஷ்டமா இருந்துச்சி."

"பம்ப திருகினது?"

"நம்ம குணாதான் இல்லயே. சீசன்ல லோடு கூட. வேற ஒருத்தன்கிட்ட காட்டினேன்." உடனே குரலை உயர்த்தினார். "அதுக்காக? நல்ல டர்போவா இருந்தா தாங்கியிருக்கணுமில்ல?"

நீங்கதான் கெடுத்தீங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். அந்த மனிதர் உன் பாடையைத் தூக்கியவர்களில் ஒருவர். பயந்தவன் முருகனைக் கூப்பிட்டதில் என்ன தப்பு சொல்வது? ஆனால் உன் பெயரையும் விட்டுக்கொடுக்க முடியாது. "சாமான் நீங்க வாங்கிக் குடுங்க, இஞ்சின நான் கட்டித் தரேன். அதே டர்போ, அதே மீட்டர். முழு லோடு ஏத்துங்க, அதே மலையில நானே ஓட்டிக் காட்டுறேன். வழியில நின்னா, ஒங்க முன்னாடியே கடையைப் பூட்டிடுறேன்" என்றேன்.

அம்மா அன்று முழுவதும் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

இஞ்சின் கட்டி முடித்து, முருகன் ஸ்டிக்கரை மீட்டருக்கு மேலே மாற்றி ஒட்டிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். கழற்றச் சொன்ன மூன்று பேரில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார்கள். கூடை கூடையாக டுரியான் ஏற்றியதில் வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுவதுபோல இறங்கிவிட்டது. வேலு அண்ணன் பக்கத்தில் ஏறிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது அண்ணே, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. ஒயர் ஒட்டுவது வேறு, அந்த வளைவுகளில் முழு லோடோடு ஏறுவது வேறு. மூன்றாவது வளைவில் சூட்டு மீட்டரின் ஊசி ஏறத் தொடங்கியது. சிவப்பை நெருங்கியது.

"அமுக்கு தங்கச்சி, அமுக்கு! நின்னுறப் போவுது!" என்று வேலு அண்ணன் கத்தினார்.

"அமுக்க மாட்டேன்."

காலைத் தளர்த்தி ஒரு கியர் குறைத்தேன். வண்டி முனகியது, மெதுவானது. பின்னால் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். சிவப்புக் கோட்டருகே நடுங்கிய ஊசி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கியதும் மறுபடி மிதித்தேன். அப்படியே உச்சி வரை. மேலே போய் நிறுத்தினேன். உடனே இஞ்சினை அணைக்கவில்லை. டர்போ ஆறட்டும் என்று ஓடவிட்டபடி இறங்கி நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழே கடல் தெரிந்தது.

வேலு அண்ணன் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தார். பிறகு ஒரு டுரியானைப் பிளந்து முதல் சுளையை என் கையில் வைத்தார். "குணா இருந்தா ஒன்ன ஏசியிருப்பான். ரெண்டாவது வளைவுலயே நீ கியர் கொறைச்சிருக்கணும்" என்றார். நான் சிரித்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று பேரில் ஒருவர் கழற்றியே தீர வேண்டும் என்று வேறு கடைக்குப் போய்விட்டார். போகட்டும். மற்ற இரண்டு பேரும் நம்மிடம்தான். மாமா இன்னும் டயர்காரரைப் பற்றிப் பேசுகிறார். நானும் இன்னும் முடியாது என்கிறேன். அம்மா மட்டும் மதியத்தில் இரண்டு பேருக்குச் சோறு கட்டி அனுப்பத் தொடங்கியிருக்கிறாள், எனக்கும் சுலைமான் அபாங்குக்கும்.

போன வாரம் பாகான் டாலாமிலிருந்து ஒருவர் புதிதாக ஒரு பிக்கப் கொண்டுவந்தார். கையில் கிரீஸோடு நின்ற என்னைத் தாண்டி, மெக்கானிக்கைத் தேடிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, "பொமன் இல்லயா?" என்று கேட்டார். அதுவரை என் வாயில் ஒரே பதில்தான்: அண்ணன் இல்லை, தவறிட்டாரு. அன்று அது வரவில்லை.

"நான்தான் பொமன். வண்டிய உள்ள விடுங்க" என்றேன்.

அவர் என் கிரீஸ் கையைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொடுத்தார்.

அண்ணே, யார் கெஞ்சினாலும், யார் முறைத்தாலும், மீட்டர் என்ற கண்ணில்லாத பவர் ஒரு வண்டிக்கும் இந்தக் கடையிலிருந்து போகாது. மாமா வந்தாலும் சரி, எமனே வந்தாலும் சரி. இது என் வாக்கு.

நீ கூப்பிட்ட இடத்துக்கு வந்து அங்கேயே நிற்கும்,
உன் கூடப்பிறந்தவள்
தேவி