மலைமேல் வீட்டிலிருந்தே என் மகள் கண் கொடுக்க வழி கேட்டு

அனுப்புநர்
சி. அப்பாசாமி,
த/பெ. சின்னக்கண்ணு,
வளப்பூர் நாடு, கொல்லிமலை,
நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாமக்கல்.

பொருள்: என் மகள் சுமித்ரா (வயது 24) இறந்த பின் அவளுடைய கண்களை எங்கள் வீட்டிலேயே வந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

பார்வை: மலை முகாமில் நான் முன்பு கொடுத்த மனு. (பிழை என்னுடையது. பத்தி 2 காண்க.)

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் மேற்படி ஊரில் மிளகும் குச்சிக்கிழங்கும் (மரவள்ளி) வைத்துப் பிழைத்து வருகிறேன். ஒன்பதாவது வரை படித்தவன். பத்தாவது போக நான் தயாராகத்தான் இருந்தேன், பள்ளிக்கூடம்தான் தயாராக இல்லை. ஆகவே எழுத்தில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. முந்தைய மனுவில், "என் கண்ணு ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கண்ணு போவதற்குள் கண்ணுக்கு ஒரு வழி செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். பேனா பிடித்தபோதும் அதே பேச்சு வந்துவிட்டது. போதாததற்குத் தகப்பனார் பெயரும் சின்னக்கண்ணு. படித்துப் பார்த்தவர்கள் என்ன செய்வார்கள், பாவம். என்னைக் கண் முகாமுக்கு வரவழைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். நல்ல கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு மனுவின் நகலைப் படித்தபோதுதான் என் தவறு எனக்கே தெரிந்தது. மகள் படுத்தபடியே சிரித்து, "உங்களுக்கு வந்துருச்சுங்கப்பா, என்னுதுதான் இன்னும் போகல" என்றாள். இந்த மனுவில் கண் என்று இருந்தால் கண், மகள் என்று இருந்தால் மகள்.

3. மகள் வாசலூர்பட்டி படகு இல்லத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். தொடை எலும்பில் புற்றுநோய் வந்து, இப்போது நுரையீரலுக்கும் பரவிவிட்டது. இனி வைத்தியம் இல்லை, வலிக்கு மட்டும் மருந்து என்று சேலத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மருந்தைக் கொண்டு வந்து கொடுத்துப் பார்த்துப் போகிறவர் நர்ஸ் அனுராதா அவர்கள். அவர்தான் ஒரு நாள், "கடைசியில என்ன வேணும், என்ன வேண்டாம்னு இப்பவே பேசி வெச்சுக்கலாம் சாமி" என்று மகளிடம் ஆரம்பித்தார். என் மனைவி பொன்னம்மாள் மாவு ஆட்டப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன், உள்ளே ஒன்றும் போடவில்லை.

4. மகள் மூன்று சொன்னாள். குழாய், மெஷின் எதுவும் வேண்டாம். சாவது நம் வீட்டில்தான். கண்ணைக் கொடுத்துவிட வேண்டும். இந்த நோய்க்கு வேறு எந்த உறுப்பும் ஆகாது, கண் மட்டும் ஆகும் என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார். "எம் மேல நோவு தொடாதது அது ஒண்ணுதாங்கப்பா. அதையும் சேத்து ஏன் பொதைக்கோணும்?" என்று கேட்டாள். ஐயா, மிளகுக்கு என்ன விலை என்று கேட்டால் நான் பதில் சொல்வேன்.

5. வீட்டில் தடை ஏதும் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். மகளின் தாய்மாமன் பூபதி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏனுங்க மச்சான், நான் கோடித்துணி போடையில அந்த மொகத்தை எப்படிப் பாக்கறது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மகள் உள்ளேயிருந்து, "மொகம் அப்படியேதான் இருக்கும் மாமா. நீங்க அழுகற மொகத்தை நான் பாக்க வேண்டியதில்ல, அது எனக்கு லாபந்தான்" என்றாள். இப்போது அவர் பலாப்பழம் ஏற்றும் தன் வண்டியைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறார். கண் எடுக்க வருகிறவர்களை அடிவாரத்திலிருந்து அவரே கூட்டிவருவார். ஆகவே நாங்கள் வண்டி கேட்கவில்லை.

6. சிக்கல் என்னவென்றால், உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். கீழே உள்ள ஒரு கண் வங்கிக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். மலைக்கு ஆள் அனுப்ப வசதியில்லை, "தோராயமா எந்தத் தேதின்னு சொன்னீங்கன்னா பாக்கலாம்" என்றார்கள். எங்களுக்கு பஸ் வரும் நேரமே தெரியாது, இதை எப்படிச் சொல்ல? மேலும் எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டு மிளகுத் தோட்டம் வரை ஏறினால்தான் போன் பேச முடியும். கடைசியில் அவர்கள், "கீழ ஏதாவது ஆஸ்பத்திரியில சேத்து வெச்சுருங்க, அதுதான் சுலபம்" என்றார்கள்.

7. சுலபம்தான் ஐயா. ஆனால் வீட்டில் சாக வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதானே. வளைவுக்கு வளைவு வண்டி திரும்பும்போது அந்தக் கால் எலும்பு என்ன பாடு படுத்தும் என்பதைப் போன தடவை பார்த்தோம். இறக்குவதானால் தாங்கும் நிலையில் இருக்கும்போதே இறக்க வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்கிறார் நர்ஸ்.

8. இதையெல்லாம் மகளிடம் மறைக்க முடியவில்லை. நேற்று அவளாகவே, "கீழயே போயிறலாங்கப்பா. கண்ணைக் குடுத்துட்டு வாரேன்" என்றாள். எங்கள் பக்கம் புறப்படுகிறவர் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லை, வாரேன் என்றுதான் சொல்வோம். அவளும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சரி கண்ணு என்று சொல்ல வேண்டியவன் நான். எதற்கும் ஒரு கேலிப் பேச்சு வைத்திருப்பவன் என்று ஊரில் எனக்குப் பெயர். எழுந்து வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

9. ஆகவே, மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டருக்கோ பணியாளருக்கோ கண் எடுக்கும் பயிற்சியும், அதற்கு வேண்டிய பெட்டியும் கொடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். இது எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டுமான காரியம் அல்ல, மலையில் வேறு யாருக்கும் இந்த எண்ணம் வரலாம். அதற்கு நாளாகும் என்றால், என் மகளுக்காக மட்டுமாவது ஒருவரை வந்து போகச் சொல்லவும்.

10. எதற்கும் வழியில்லை என்றால், முடியாது என்று ஒரு வரி இந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பினாலும் போதும். பரிசீலனையில் உள்ளது என்று மட்டும் எழுத வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வருத்தப்பட மாட்டேன். பூபதியின் வண்டி வாசலில் நிற்கிறது. அதில் ஆளைக் கூட்டிவரச் சொல்வதா, மகளைப் படுக்க வைப்பதா என்று தெரிந்தால் போதும். இரண்டாவதானால் மெத்தையை விரித்துவிடுவேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சி. அப்பாசாமி

இடம்: வளப்பூர் நாடு
நாள்: 14.07.2025