தூது அனுப்பியவள்

இன்று மதியம் ஆசிரியர் அறை அலமாரியை ஒழித்தபோது உன் பிரம்பு கிடைத்தது. சிவப்பு ரிப்பன் சுற்றி, நுனியில் பூமுடிச்சுப் போட்டாயே, அதேதான். ரிப்பன் வெளுத்துப்போய் ஒரு பக்கம் எலி கடித்திருக்கிறது. புதிதாக வந்திருக்கும் டீச்சர், "இத தூக்கிப் போட்டிரவாக்கா?" என்று கேட்டாள். போடவேண்டாம் என்று சொல்லி வாங்கி வந்துவிட்டேன். குவீன்ஸ்டவுன் வீட்டில், மேசைமேல் அதை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இன்னும் உன்னிடம் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறுபத்து நாலில் நாம் இரண்டு பேரும் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர்கள். நீ கணக்கு, நான் சரித்திரம். பயிற்சிக்கு ஒன்றாகத்தான் போனோம். உன்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஒரு பரீட்சையில் நான் கோட்டை விட்டதால் எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. என்னை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தம்பிகளும். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினாலே எழுந்து நின்றுவிடுவேன்.

ஜூலையில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் வந்தது, ஊரடங்கு வந்தது. பள்ளி மறுபடி திறந்தபோது தலைமையாசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு ஒரே ஒரு விதி போட்டார். பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளைகூட கேட்டைத் தாண்டக்கூடாது. நான்தான் எல்லாருக்கும் முன்னால் தலையாட்டினேன்.

அப்போதுதான் கிரேக்கர்களின் விளையாட்டுப் போட்டிப் பாடம் வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், வட்டு எறிய பிஸ்கட் டின் மூடி. அவர்கள் கையில் பாரம் பிடித்துத் தாண்டுவார்கள் என்று புத்தகத்தில் இருந்ததால் பால் டின்னில் மணல் நிரப்பிக் கொடுத்தேன். நம் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு தாண்டியதில் இரண்டு பேருக்கு முட்டி சிராய்ந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பின்னம் நடத்திக்கொண்டிருந்த நீ, "அங்க என்ன ஒலிம்பியாவா, மாட்டுக் கொட்டகையா?" என்று குரல் கொடுத்தாய்.

அடுத்த நாள் போர் ஓய்வைப் பற்றிச் சொன்னேன். போட்டிக்கு முன் தூதர்கள் ஊர் ஊராகப் போவார்கள், விளையாடப் போகிறவர்களை வழியில் யாரும் தொடக்கூடாது என்று அறிவிப்பார்கள் என்றேன். முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

"சண்டை நடக்கிற ஊர் வழியாப் போனாலும் அடிக்க மாட்டாங்களா டீச்சர்?"

"மாட்டாங்க."

அத்தனை முகமும் தெளிந்ததைப் பார்த்தேன். ஜூலைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் புத்தி அங்கேதான் கெட்டது. சனிக்கிழமை ஃபேரர் பார்க் திடலில் நம் வகுப்புப் போட்டி, பக்கத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளும் வரட்டும், அதற்கு நாமும் தூது அனுப்பலாம் என்று நினைத்தேன். உன்னிடம் தூதர் கோல் ஒன்று செய்து தரச் சொன்னேன். "பிரம்புக்கும் ஒரு நல்ல வேலை கெடைக்கட்டும் லா" என்று ரிப்பன் சுற்றிக் கொடுத்தாய். சனிக்கிழமைக்குத்தான் என்று நீ நினைத்துக்கொண்டாய். நான் அன்றைக்கே, பத்தரை மணிக்கு, மரகதத்திடம் அதைக் கொடுத்துப் பின்பக்கக் கேட் வழியாக அனுப்பினேன். பத்து நிமிஷ நடைதானே. அவளுக்குப் பன்னிரண்டு வயது, வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள்.

பதினொரு மணிக்குத் தேக்கா மார்க்கெட் பக்கம் கடைகளை அடைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மறுபடியும் கலவரமாம். பெற்றோர் ஓடி வந்தார்கள். மளிகைக் கடையில் வேலை பார்த்த மரகதத்தின் அப்பா, கடை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கேட்டில் வந்து நின்று, "எம் பிள்ள எங்க டீச்சர்?" என்று என்னைத்தான் கேட்டார்.

என் முகத்தைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது. "எந்தப் பக்கம்?" என்றாய். கையைக் காட்டினேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீ மத்த பிள்ளைங்கள எண்ணிக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாய். எண்ணினேன். முப்பத்தெட்டு. திரும்ப எண்ணினாலும் முப்பத்தெட்டுதான். ஒரு தலை குறைந்தது. முக்கால் மணி நேரம் நான் என்னென்ன கற்பனை செய்தேன் என்பதை உனக்குக்கூட எழுத முடியவில்லை.

ஒரு சீனக் கோப்பிக் கடை வாசலில் இந்தப் பிரம்பு கிடந்ததாம். நீ கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகு கடை முதலாளி தவுக்கே ஒரு கதவுப் பலகையை நகர்த்தினாராம். உள்ளே மரகதம் மைலோ குடித்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொல்லிச் சிரித்தாய். திரும்பி வந்தபோது உன் செருப்பு ஒன்றைக் காணோம்.

தலைமையாசிரியர் அறையில் நாம் மூன்று பேரும் நின்றோம். யார் அனுப்பியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் சார்" என்றாய். அவர் நம்பவில்லை. மரகதத்தைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "கணக்கு டீச்சர்தான் சார்" என்றாள்.

வருஷக் கடைசியில் உன்னை ஊரின் மேற்குக் கோடியில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். மூன்று பஸ் மாறிப் போனாய். ஜனவரியில் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. முதல் வாழ்த்து உன்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் நான் பேச்செடுத்தேன். "விடு லா. வஞ்சிர மீன் தீந்திரும், வா" என்று கையைப் பிடித்து இழுத்தாய். உன் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் "அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூக்கமா, வேண்டாம் என்று சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை.

உன் சாவுக்கு மரகதம் வந்திருந்தாள். பதினேழு வயதாகிவிட்டது, என்னைவிட உயரம். அன்று தலைமையாசிரியரிடம் அப்படிச் சொல்லும்படி வழியில் நீதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாய் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவள் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னாள்.

"கணக்கு டீச்சர் எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. உங்க மொகத்தப் பார்த்தேன் டீச்சர். பயந்துபோய் இருந்தீங்க. அதான் அப்படிச் சொல்லிட்டேன். அதனாலதானே அவங்கள மாத்துனாங்க? என்னை மன்னிச்சிருங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அந்தப் பாடத்தில் ஐந்து வருஷமாக நான் தாண்டிப்போகிற ஒரு பக்கம் உண்டு. போட்டியில் ஏமாற்றியவனிடம் அபராதம் வாங்கிச் சிலை செய்து, அவன் செய்ததை அடியில் வெட்டி, திடலுக்குள் போகும் வழியில் நிறுத்துவார்களாம். உள்ளே போகிறவன் எல்லாம் படித்துவிட்டுத்தான் போகவேண்டும். நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறது. இந்த முறை தாண்டமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால், காலை மணி அடிப்பதற்குள், தலைமையாசிரியர் அறைக்குப் போகிறேன். அதே மனிதர்தான் இருக்கிறார், அதே செருமல். அங்கிருந்து மரகதத்தின் வீட்டுக்கும் போகவேண்டும்.

வேலை போகுமா, மாற்றல் வருமா, தெரியாது. ரொம்பப் பயமாக இருக்கிறதடி. "நான்தான் சார்" என்று எனக்கு முன்னால் சொல்ல இப்போது நீ இல்லை.