முன் கண்ணாடிக்கு ஒரு மருந்து

நவம்பர் 1, சனி

விடிந்ததிலிருந்து மழை. நசநசவென்று. இடது கையால் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு ஒரு வாரம். கடை வாசலில் ஈரப்படி வழுக்கியது. ஆறு வாரம் ஆகுமாம். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கை போனால் கடையைப் பூட்டின மாதிரிதான்.

அது கிடக்கட்டும். வியாழன் காலை ஒன்பது மணிக்கு மகள் நஸ்ரீன் சேலம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், அவள் உடம்பில் தானாகப் போதிய ரத்தம் ஊறாது. பதினோரு வயசுப் பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்து இதே ஓட்டம். நாள் தள்ளினால் உதடு வெளுத்துவிடும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அவளுக்கு ஒத்துக்கொள்ளும் ரத்தத்தைத் தேடி எடுத்து வைப்பது அங்கே இருக்கும் டாக்டர்தான். வியாழன் என்றால் வியாழன்.

யார் ஓட்டுவது?
– மச்சான். ஓசூர் கம்பெனியில் லீவு இல்லை.
– வாடகை வண்டி. மூன்று பேரைக் கேட்டாச்சு. முகூர்த்த நாள், எல்லா வண்டியும் கல்யாணத்துக்குப் போகிறது.
– பஸ். கூட்டத்தில் சளி பிடித்தால் ரத்தம் ஏற்ற மாட்டார்கள்.
– சபீனா.

பெண்டாட்டி பெயரைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். எழுதவே மனசு வரவில்லை. (இனி ச. என்றே எழுதுகிறேன், கை வலிக்கிறது.) லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம். அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரியில் பாடம் எடுக்கும் ஸ்கூலுக்கு, திரும்ப வீட்டுக்கு, அவ்வளவுதான் அவள் ஓட்டினது. சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாயில் இறங்கினதே இல்லை.

“நான் ஓட்டறேங்க. வேற வழி என்ன இருக்குது?” என்றாள், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே. ஏதோ தயிர் வாங்கப் போகிற மாதிரி.

போன தடவை மழையில் கணவாய் இறங்கும்போது, முன்னால் போன லாரி கடைசி நொடியில்தான் தெரிந்தது. ஒரு முழ இடைவெளியில் நிறுத்தினேன். கண்ணாடி முழுக்கத் தண்ணீர். இருபது வருஷம் ஓட்டின எனக்கே அந்தக் கதி. முதலில் கண்ணாடிக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு விட்டு. பைபாஸ் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர்: “எதுக்கு பாய் செலவு? புகையிலையை நனைச்சு கண்ணாடியில தேய்ங்க. எங்கப்பா காலத்துல இருந்து அதான்.” தேய்க்கலாம். ச. வாசனைக்கே வாந்தி எடுப்பாள்.

டவுனில் கார் சாமான் விற்கிற கடை. தண்ணீர் ஒட்டாமல் இருக்க இத்தனை வகையா!
1. ஸ்ப்ரே. அடித்துத் துடைத்தால் போதும். ரெண்டு வாரம் தாங்கும்.
2. சின்ன பாட்டில். தேய்த்து, காயவிட்டு, துடைக்க வேண்டும். மூணு மாசம்.
3. செராமிக் கோட்டிங். வண்டியை ஒரு நாள் விட வேண்டும், ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை.
4. வைப்பர் தண்ணீர் டேங்கில் ஊற்றுகிற நீலத் தண்ணீர். இது மருந்தே இல்லை, சோப்பு.

கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். பொறுமையானவர். “பெரும்பாலும் எங்க ஓட்டுவீங்க பாய், எவ்ளோ வேகத்துல?” என்று கேட்டார்.

“ஹைவே. எண்பது, தொண்ணூறு.”

“அப்ப ரெண்டாவதே போதுங்க. அந்த வேகத்துல தண்ணி கண்ணாடியில நிக்கவே நிக்காது. வைப்பரே போட வேணாம்.”

வாங்கிவிட்டேன். நாலு நாளில் முதல் தடவையாகச் சோறு இறங்கியது.

நவம்பர் 3, திங்கள்

வெயில் எட்டிப்பார்த்தது. சாயங்காலம் ச. ஸ்கூலிலிருந்து வந்ததும் வேலை. ஷெட்டுக்குள் வண்டி. கண்ணாடியைக் கழுவி, துடைத்து, காயவைத்து, பஞ்சில் மருந்து எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவள் தேய்த்தாள். பத்து நிமிஷத்தில் வெள்ளையாகப் பூத்தது. மெல்லிய துணியால் துடைத்தோம். முன்னாடி, பின்னாடி, நாலு பக்கக் கண்ணாடி, வெளியே இருக்கிற ரெண்டு மிரர்.

“வட்டமா, வட்டமா. நெட்டுக்குத் தேய்க்காத.”

“அப்ப நீங்களே வந்து தேய்ங்க, ஒத்தக் கையில.”

ராத்திரி முழுக்க ஈரம் படக்கூடாதாம். நஸ்ரீனுக்கு நகம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை, நல்ல மழை. சரி, சோதனைக்கு ஆச்சு. நாலு மணிக்கு ச. ஓட்ட, நான் பக்கத்தில், கிருஷ்ணகிரி ரோட்டில். நஸ்ரீனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம்.

நாற்பதில் போனாள். கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தது. வைப்பர் போட்டாள், டர்ர் டர்ரென்று குதித்துக் குதித்துப் போனது. எதிரே வந்த லாரி லைட் ஒவ்வொரு துளியிலும் ஏறி உட்கார்ந்தது.

“எனக்கு ஒண்ணுமே தெரியலங்க.”

“வேகமா போ. அறுபதைத் தாண்டினா தண்ணி தானா ஓடும்.”

அழுத்தினாள். எழுபது. சொன்ன மாதிரியே துளியெல்லாம் மேலே ஓடிப் பறந்தது. கண்ணாடியே இல்லாத மாதிரி ரோடு. “பாத்தியா!” என்று நான் கத்தினேன். முன்னால் ஒரு டிராக்டர். அவள் வேகத்தைக் குறைத்த உடனே துளியெல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது, டிராக்டரையே காணோம். பிரேக்கை ஓங்கி மிதித்து ஓரம் கட்டினாள். கை ரெண்டும் ஸ்டீயரிங்கிலேயே.

“கணவாயில முப்பதுதான் போவணும்னு போர்டு வச்சிருக்குது. முப்பதுல எனக்கு ரோடு தெரியணும். உங்க வேகத்துக்கு மருந்து வாங்கிட்டு வந்திருக்கீங்க. ஓட்றது நானு.”

நான் ஏதோ சொன்னேன். பெண்பிள்ளைகள் ஓட்டுவதைப் பற்றி. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு மூடி வைத்திருந்தாள், பரிமாறவில்லை.

நவம்பர் 5, புதன்

தூறல். கடைக்காரரிடம் சண்டை போடலாம் என்றுதான் போனேன். அவர் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. “மருந்து சரியாத்தாங்க வேலை செய்யுது. இது வேகத்துல காத்து தள்ளினாத்தான் ஓடும். தொப்பூர் எறக்கம், வூட்டுல அம்மா ஓட்றாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முன்னாடி கண்ணாடிக்குக் குடுத்தே இருக்க மாட்டேன்.”

அவர் கேட்டார். நான் என் வேகத்தைச் சொன்னேன். சேலத்துக்கு இந்தத் தடவை நான் ஓட்டப்போவதில்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லவே இல்லை.

முன் கண்ணாடியில் மட்டும் மருந்தைத் தேய்த்து எடுக்கப் பாலிஷ் பவுடர் கொடுத்தார். பக்கக் கண்ணாடியும் மிரரும் அப்படியே இருக்கட்டும், அங்கே வைப்பர் கிடையாது, துளி நின்றாலும் படலமாகப் பரவி மறைக்காது என்றார். புது வைப்பர் ரப்பர் ஒரு ஜோடி.

ச. வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். மதியத்திலிருந்து ஐந்து மணி வரை இடது கையாலேயே தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் முத்து இல்லை, தாள் மாதிரி வழிந்தது. வைப்பர் ஒரு தடவை போனால் சுத்தம்.

ச. வந்து பார்த்தாள். பக்கெட்டை எடுத்துக் கொட்டினாள். சொல்லிவிட்டேன்: “போன தடவை லாரிகிட்ட கோளாறு கண்ணாடியில இல்ல. கணவாயில எழுபத்தஞ்சுல வந்தேன்.”

“தெரியுமே. நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். மீட்டர் எனக்கும் தெரியுமில்ல?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா கேக்கற ஆளா நீங்க?”

வண்டியில் டீசல் பாதி. காற்று பார்த்தாச்சு. பிள்ளைக்கு மாற்றுத் துணி, ஃபைல், தண்ணீர் பாட்டில், பிஸ்கட். மழை வலுக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்று.

ஆறே காலுக்குக் கிளம்பினோம். கொட்டுகிற மழை. ச. பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினாள். நஸ்ரீன் பின்சீட்டில் போர்வையோடு.

கணவாய் ஆரம்பத்தில் இரண்டாவது கியர் போட்டாள். முப்பது. முள் அசையவில்லை. முன்னால் இரும்புக் கம்பி ஏற்றின லாரி, பின்னால் ஒரு டேங்கர். டேங்கர்காரன் ஹாரனை விடவே இல்லை. காதுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு நாக்கின் நுனி வரை வந்தது: கொஞ்சம் அழுத்து, இடது பக்கம் ஒதுங்கு, அவனை விடு. பல்லைக் கடித்துக்கொண்டேன். என் கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அவள் நெற்றியில் வேர்வை, அந்தக் குளிரில். வைப்பர் போகிற ஒவ்வொரு தடவையும் லாரியின் பின்பக்கம் முழுசாகத் தெரிந்தது, சங்கிலி வரைக்கும்.

டேங்கர்காரன் கடைசியில் எங்களைத் தாண்டிப் போனான். ச. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் கம்பி லாரி திடீரென்று நின்றது. அவளும் நின்றாள். நடுவில் ஒரு பஸ்ஸே நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. என் கண் தானாக மூடிக்கொண்டது, திறந்தபோது நாங்கள் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

கீழே சமவெளிக்கு வந்ததும் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். பாட்டில் மூடியை அவளால் திறக்க முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன், பல்லால். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஆஸ்பத்திரி வாசல்.

இப்போது ரத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ச. டீ வாங்கப் போயிருக்கிறாள். சற்று முன் நஸ்ரீன்:

“அத்தா, கணவாய்ல ஒரு கோயில் இருக்குது, மரத்துல கொரங்கு நெறைய. இன்னிக்குத்தான் பாத்தேன்.”

“எத்தன வருஷமா போறோம், இன்னிக்குத்தான் பாத்தியா?”

“எப்பவும் கண்ண மூடிக்குவேன்ல.”

கணவாய் வந்தால் தூங்கிவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஆடாமல் ஓட்டுகிறேன், அதான் பிள்ளை தூங்குகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

என் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். “இது எப்ப பிரிப்பாங்க?”

“இன்னும் ஒரு மாசம் ஆவும்மா.”

“அப்ப அடுத்த தடவையும் அம்மாதான?”

ஆமாம் என்றேன். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மறைக்க வேண்டும் என்று தோன்றாத வயசு. பைக்குள் பாதி ரத்தம் பாக்கி இருக்கிறது.