பாப்பாவின் வலது கால்

மார்ச் 4
பாப்பாவின் டாக்டரைப் பார்த்தோம். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தில் சுருங்கியிருக்கும் வால்வைப் பலூனால் விரிப்பார்களாம். நெஞ்சைத் திறக்க வேண்டாம். சரி. ஆனால் அந்த மனிதர் கேட்காமலேயே என்னென்ன கெடுதல் வரலாம் என்று அடுக்கினார். ரத்தக் கசிவு, துடிப்பு தாறுமாறாவது, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது, அபூர்வமாக உயிருக்கே... மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிற பேச்சா இது?

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கேட்பதற்கு முன்பே காரணம் சொல்கிறவனிடம் டிக்கெட் இருக்காது. இவர் கையால் எத்தனை குழந்தைக்குக் கெடுதல் வந்ததோ!

மார்ச் 5
வேறொரு டாக்டரிடம் போனோம். "ஒரு பயமும் இல்ல, ஊசி போடுற மாதிரிதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"சொன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்பு. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றாள் மனைவி.

பாப்பா நன்றாக இருக்க வேண்டும். வேறென்ன?

மார்ச் 11
முதல் டாக்டரிடமே சம்மதக் கையெழுத்துப் போட்டேன். மனைவி சொல்லித்தான்.

மார்ச் 12
வால்வு விரிந்துவிட்டதாம். டாக்டர் வந்து சொல்லும்போது அவர் முகத்தையே பார்த்தேன். பொய் எதுவும் பிடிபடவில்லை.

பிற்பகல் ஒரு நர்ஸ் பாப்பாவின் வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இடது. மறுபடி வலது. ஒன்றும் சொல்லாமல் போய் இன்னொருத்தியை அழைத்து வந்தாள். இரண்டு பேரும் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். எதையோ மூடி மறைக்கிறார்கள்! மறுபடி பாதத்தைத் தொட வந்தபோது குறுக்கே நின்றேன். விஷயத்தைச் சொன்னால்தான் தொட விடுவேன் என்று கத்தினேன்.

"சார், நகருங்க. பாதத்துல நாடி கிடைக்கல. டாக்டர் வர்றாரு, அதுக்குள்ள பார்க்கணும்."

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இது உங்க பஸ் இல்ல. வழிய விடுங்க!"

நானும் தொட்டுப் பார்த்தேன். வலது பாதம் சில்லென்று இருந்தது. ஐயோ, இடது சூடா இருக்கே—

வலது தொடையில் குழாய் போன இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறதாம். மருந்து ஏற்றுகிறார்கள். "முதல் நாளே சொன்னேனே, அதுல ஒண்ணுதான் இது. பெரும்பாலும் மருந்துலயே சரியாயிடும். சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர்.

சத்தியம் பண்ணித் தொலைச்சா என்னவாம்? காலு போயிட்டா? என் பாப்பா காலு...

மார்ச் 13
பாதம் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. அதே நர்ஸ் என் விரலைப் பிடித்துப் பாதத்தின் மேல் வைத்தார். துடித்தது. அங்கேயே அழுதுவிட்டேன். நேற்று நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அடுத்த தடவ குறுக்க நிக்காதீங்க, போதும்" என்றார்.

ஜூன் 20
மறுபரிசோதனை. வால்வு நன்றாக வேலை செய்கிறது. வெளியே கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்கும் இதே பலூன்தான். ரொம்பப் பயப்படுகிறார், கொஞ்சம் பேசுங்களேன் என்றார் டாக்டர்.

போய் உட்கார்ந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்காரங்க பேசச் சொல்லி அனுப்பினாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்று அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார்.

வால்வு சரியானதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பாதம் சில்லிட்டுப் போனதையும், நான் குறுக்கே நின்று கத்தியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மெல்லத் திரும்பினார்.

"எந்தக் கால்?"

காட்டுவதற்காகப் பாப்பாவைக் கூப்பிட்டேன். நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தவள் நிற்கவே இல்லை.