பூஜை விடுமுறையில் ஆறிய உலை

திண்டுக்கல்
4.10.2025

அன்புள்ள கமர்,

நலம் என்று எழுதக் கை போகிறது, உடம்பு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. கோடை முழுக்க வேடசந்தூர் மில் வாசல்களில் நின்று, எங்கள் துறையில் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தேன். சேர்ந்தவர்கள் ஒரு பெஞ்சுக்குக் காணாது. பேராசிரியர் வேலையில் இதுவும் சேர்த்தி. நாகல் நகரில் உன் தங்கை ஷாஹினாவைப் பார்த்தேன். நீ போனே செய்வதில்லை என்று குறைபட்டாள்.

இனி கெட்ட செய்தி. அறுநூறு டிகிரி சூட்டில் பாரத்தைத் தாங்கி, எப்போது அறும் என்று நாம் ஒரு வருஷமாகக் காத்திருந்த உருக்குக் கம்பி, விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் மூன்று நாளாக ஆறிக் கிடக்கிறது. உலைக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் தங்கமுத்து ஆயுத பூஜை முடித்துச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்டதற்கு, "வருசம் பூரா ஓடுற மெசினு மேடம், பூசைக்காச்சும் செத்த ஓயட்டும்னுதான் நிப்பாட்டுனேன்" என்றார். கோபமே வரவில்லை கமர். என்னையும் யாராவது அப்படி நிறுத்தி வைத்தால் தேவலை என்றிருந்தது.

உலையை மறுபடி ஏற்றிவிட்டேன். கம்பி தாங்குகிறது. ஆனால் சூடு விட்டுப்போனால் கணக்கு பிசகும்; சோதனை இடையில் நின்றது நின்றதுதான்.

உன்
கனகா

ட்ரெஸ்டன், ஜெர்மனி
9.10.2025

அன்பு கனகா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நின்றுபோன சோதனை என்று எழுதினால் அறிக்கையை இங்கே ஏற்க மாட்டார்கள். திட்டம் இத்தோடு முடியும், என் ஆய்வகத்துப் பிள்ளைகள் வேலை இழப்பார்கள். எனக்கும் இன்னொரு திட்டம் தேடி அலையத் தெம்பில்லை.

அந்த மூன்று நாளை எழுதாதே. உனக்கும் தங்கமுத்துவுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஹாஸ்டலில் ஒரே தட்டில் சாப்பிட்ட நாளிலிருந்து உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லைடி. இதைக் கேட்கிறேன்.

கமர்

திண்டுக்கல்
22.10.2025

அன்புள்ள கமர்,

தீபாவளி போகட்டும் என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். நீ கேட்டது வலித்தது. அதைவிட, செய்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது வலித்தது.

மே மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். புதிதாக ஒரு கம்பியை ஏற்றி அறும்வரை காத்திருக்க எனக்கு நாளில்லை. இதுதான் என் கடைசி வேலை. ஆனால் இந்த உருக்கில் நாளை பாய்லர் குழாய் செய்வார்கள். அதன் பக்கத்தில் யாரோ ஷிப்டு பார்ப்பார்கள்.

உலை ஆறிய மூன்று நாளையும், காரணத்தையும் அறிக்கையில் எழுதி உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ அதை எடுத்துவிட்டால் என்னால் தடுக்க முடியாது. எடுத்தால், என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடு.

திட்டு, சண்டை போடு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
கனகா

ட்ரெஸ்டன்
15.12.2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் கனகா அவர்களுக்கு,

வணக்கம். திட்ட அறிக்கை இன்று சமர்ப்பிக்கப்பட்டது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி, தங்கள் பெயர் அதிலிருந்து நீக்கப்பட்டுள்ளது.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

இப்படிக்கு,
முனைவர் கமர்ஜஹான்